ஊர் சுத்தலாம் அக்கா பதில்கள்: இல செவக்குற சீசன்

இந்த மாசம் வந்த லெட்டரு, மெயிலு எல்லாத்தையும் கொட்டி பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். புள்ள வெளிநாட்ல இருக்கான், அக்டோபர்ல வர சொல்றான், ஃபால் கலர்ஸ் (குளிருக்கு முன்னாடி மரத்து இலையெல்லாம் மஞ்சளா, செவப்பா மாறுறது) பாக்க குடும்பத்தோட மலை ஏறலாம்ங்கிறான், போலாமா வேணாமா. அதுலயும் நெறைய பேரு நம்ம வடசென்னை ஆளுங்க. சரி, இந்த தடவ ஃபுல்லா அதுக்கே ஒதுக்கியாச்சு, மத்தவங்க கோச்சுக்காதீங்க, ஊட்டி ரூம் வாடகை பத்தி கேட்டவங்களுக்கு அடுத்த மாசம்.

அக்கா, எனக்கு 58 வயசு. பையன் குடும்பத்தோட வர்ஜீனியால இருக்கான். ஐப்பசில வாங்கம்மா, ஷெனன்டோவான்னு ஒரு மலை இருக்கு, பசங்கள கூட்டிட்டு ஹைக்கிங் போலாம், இலையெல்லாம் கலர் மாறி சூப்பரா இருக்கும்ங்கிறான். எனக்கு முட்டி வலி, மாடிப்படி எறங்குனாலே புடிச்சிக்கும். எங்க வீட்டுக்காரரு "வாசல்ல விழுற இலைய பெருக்கவே ஆள காணோம், இலைய பாக்க அமெரிக்கா போறாங்களாம்"னு கிண்டல் பண்றாரு. போனா அவங்களுக்கு நான் பாரமா ஆயிடுவனோன்னு இருக்கு. என்ன செய்யட்டும்?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

போங்கம்மா, கண்டிப்பா போங்க. ஆனா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பையன்ட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "எந்த ட்ரெயில்டா?"ன்னு. மலை பேர சொன்னா போதாது, ட்ரெயில் (நடக்குற பாதை) பேரு, எத்தன மைல், எவ்ளோ ஏத்தம், இது மூணும் வேணும். ஏன்னா அதே ஷெனன்டோவா நேஷனல் பார்க்ல ஓல்ட் ராக்னு ஒண்ணு இருக்கு, ஃபேமஸ், 9 மைலுக்கு மேல, நடுவுல பெரிய பெரிய பாறைங்க, கையும் காலும் ஊனி தவழ்ந்து ஏறணும், மார்ச்ல இருந்து நவம்பர் வரைக்கும் அதுக்குன்னு தனியா டிக்கெட் வேற எடுக்கணும். அந்த பேர சொன்னான்னா "நீயும் உன் பொண்டாட்டியும் போய்ட்டு வாங்க, பசங்கள நான் பாத்துக்கறேன்"னு சொல்லிடுங்க.

அதே பார்க்ல லிம்பர்லாஸ்ட்னு இன்னொண்ணு இருக்கு, 1.3 மைல், அதாவது 2 கிலோமீட்டர் சுத்து, பொடிக்கல்லு போட்டு கெட்டி பண்ண பாதை, சமமா இருக்கும், வீல்சேர்ல வர்றவங்களுக்குன்னு யோசிச்சு போட்டது, அங்கங்க பெஞ்சும் இருக்கு. நீங்க எம்.சி. ரோட்ல தீபாவளிக்கு துணி எடுக்க நடக்குற நடையில பாதி கூட இல்ல. மலை உச்சில நின்னு பாக்கணும்னு ஆசை இருந்தா ஸ்டோனி மேன், போக வர 1.6 மைல், ஏத்தம் கொஞ்சம்தான், ஆனா உச்சி 4,000 அடி உயரத்துல இருக்கு, ஏன்னா கார் முக்காவாசி உயரத்த ஏறி முடிச்சுடும். முட்டி ஒத்துழைக்கலன்னா பாதில ஒரு கல்லு பாத்து உக்காந்துக்கலாம். இலை அங்கயும் அதே கலர்தான்.

அப்புறம் நடக்கவே வேணாம்னாலும் ஸ்கைலைன் டிரைவ்னு அந்த மலை முதுகு மேலயே 105 மைலுக்கு ரோடு போகுது, மணிக்கு 35 மைலுக்கு மேல போகக்கூடாது, வண்டிய நிறுத்தி வேடிக்க பாக்குறதுக்குன்னே கிட்டத்தட்ட 70 எடம் விட்டு வெச்சிருக்காங்க. உங்க வீட்டுக்காரர அதுல ஒரு எடத்துல நல்ல ஸ்வெட்டரும் ஃப்ளாஸ்க்ல காபியும் குடுத்து உக்கார வெச்சுட்டு நீங்க நடந்துட்டு வாங்க, திரும்பி வரும்போது கிண்டல் பண்றாரான்னு பாப்போம்.

பாரமா இருப்பேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்கு மலை ஏறுறவங்க ஒரு வழி வெச்சிருக்காங்க. கூட்டத்துலயே யாரு மெதுவா நடப்பாங்களோ அவங்கள முன்னாடி விட்டுடறது. உங்க நடைக்குதான் மத்தவங்க நடக்கணும். பின்னாடி விட்டா என்ன ஆகும், அவங்க நூறடி போய் நின்னு உங்களுக்காக காத்திருப்பாங்க, நீங்க மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "சரி போலாமா"ம்பாங்க, ரெஸ்ட் எடுத்தவங்களே திரும்ப ரெஸ்ட் எடுத்துருப்பாங்க, உங்களுக்கு ஒரு நிமிஷம் கூட கெடைக்காது. பேரப்புள்ள கைய புடிச்சிக்கிட்டு நீங்க முன்னாடி போங்க. சின்ன புள்ளைங்களும் உங்க ஸ்பீடுதான், அவங்களும் ஒவ்வொரு குச்சிக்கும் நிப்பாங்க.

எறக்கம்தான் உங்களுக்கு பிரச்சன, ஏத்தம் இல்ல. முட்டிக்கு எறங்கும்போதுதான் லோடு ஜாஸ்தி. ரெண்டு கைக்கும் ட்ரெக்கிங் போல் (ஊனி நடக்குற கம்பு) வாங்கி தர சொல்லுங்க, ஒண்ணு பத்தாது. நம்ம ஏரியால மேடுன்னு ஒண்ணு கெடையாது, இருக்குறது எல்லாம் பாலம்தான், அதனால இப்பவே ராயபுரம் ஸ்டேஷன் நடைமேம்பாலமோ எதுவோ பக்கத்துல இருக்குறத காலைல வெயிலுக்கு முன்னாடி ஏறி எறங்கி பழகுங்க. ஸ்டான்லி பக்கத்துலதான் இருக்கீங்க, எலும்பு டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிட்டு கெளம்புனா இன்னும் நிம்மதி. மாத்திரை ஏதாவது சாப்டுறீங்கன்னா அத செக்-இன் பெட்டில போடாதீங்க, கையில வெச்சுக்கங்க, டிராவல் இன்சூரன்ஸ் இல்லாம ஏறவே ஏறாதீங்க.

தேதி பத்தி. கலர் மேல இருந்து கீழ எறங்கும், உச்சில மொதல்ல மாறும், பள்ளத்தாக்குல கடைசில. அந்த மலைல அக்டோபர் நடுவுல இருந்து கடைசி வரைக்கும்னு பொதுவா சொல்லலாம், ஆனா இந்த தேதிதான்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, ஒரு ராத்திரி நல்ல காத்து மழை அடிச்சா பாதி இலை தரைல. அதனால ஒரே ஒரு சனிக்கெழமைய நம்பாம பையன ஒரு வாரநாள்ல லீவு போட சொல்லுங்க, சனி ஞாயிறுன்னா பார்க் வாசல்ல கார் வரிசைலயே பாதி நாள் போயிடும். அக்டோபர் கடைசில அங்க ஆறரைக்குள்ள சூரியன் எறங்கிடும், நவம்பர் மொத ஞாயித்துக்கெழம கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சுடுவாங்க, அதுக்கப்புறம் அஞ்சு மணிக்கே இருட்டு. நாலு மணிக்கு கார்ல இருக்கணும்னு முடிவு பண்ணிக்கங்க.

துணி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, பருத்தி வேணாம். நமக்கு காட்டன்தான் உசுருன்னு தெரியும், ஆனா அங்க நடக்கும்போது வேர்க்கும், வேர்வ காட்டன்ல நிக்கும், அப்புறம் உக்காந்ததும் அது ஐஸா குத்தும். உள்ள மெல்லிசா ஒண்ணு, நடுவுல கம்பளி, மேல காத்து தடுக்க ஒண்ணுன்னு அடுக்கடுக்கா போட்டுக்கணும், ஏறும்போது கழட்டணும், நின்னா மாட்டணும். இதெல்லாம் இங்க தேடி அலையாதீங்க, பையன் ஊர்லயே வாங்கிக்கலாம். பொடவ கட்டிக்கிட்டுதான் வருவேன்னா லிம்பர்லாஸ்ட் வரைக்கும் ஓகே, அதுக்கு மேல சுடிதார்.

பசங்க இலை பொறுக்குவாங்க, அத மட்டும் பாத்துக்கங்க. பாய்சன் ஐவின்னு ஒரு கொடி, மூணு மூணு இலையா இருக்கும், மரத்துலயும் ஏறும் தரையிலயும் ஓடும், அக்டோபர்ல அது செவக்குற அழகுக்கு பக்கத்துல இருக்குற மரம் கூட நிக்க முடியாது, பசங்க கண்ணு நேரா அதுலதான் விழும். தொட்டா அதுல இருக்குற எண்ணெய் பட்டு கொப்புளம் கொப்புளமா அரிக்கும், உதுந்து கெடக்குற இலையிலயும் அந்த எண்ணெய் இருக்கும். மூணு இலை சேர்ந்து இருந்தா கைய வெக்காதன்னு முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. வீட்டுக்கு வந்ததும் காலு, முட்டிக்கு பின்னாடி எல்லாம் உண்ணி ஏதாவது ஒட்டியிருக்கான்னும் பாருங்க, குளிர்ல செத்துடும்னு நெனைப்போம், அக்டோபர்ல அது நல்லாவே உலாத்தும்.

டியர் ஆன்ட்டி, நான் எட்டாவது படிக்கிறேன். எங்க ஸ்கூல் வாசல்ல பாதாம் மரம் இருக்கு. அதுலயும் இலை செகப்பா ஆகி விழுது. அது ஃபால் கலரா? அப்ப ஏன் வேப்பமரம் செகப்பா ஆகல?
- மாணவி, திருவொற்றியூர்

கண்ணு, இந்த மாசத்துலயே நல்ல கேள்வி உன்னோடதுதான். அந்த மரத்துக்கு கீழ போயி ஒரு இலைய எடுத்து பாரு, உள்ளங்கைய விட பெருசா, தோலு கணக்கா தடிப்பா இருக்கும், ஓரமெல்லாம் திராட்சை கலர்ல ஆயிருக்கும், நடு நரம்ப ஒட்டி மட்டும் இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும், ஆரஞ்சு திட்டு கூட இருக்கும். ஆமா, அமெரிக்கால நடக்குறதும் கிட்டத்தட்ட இதேதான்.

இலைல பச்சையம் இருக்குன்னு படிச்சிருப்ப. அது கூடவே மஞ்சள் நிறமியும் மொதல்ல இருந்தே இருக்கு, கரோட்டினாய்டுன்னு பேரு, பச்சை ஜாஸ்தியா இருக்குறதால வெளிய தெரியாது. இலைய உதுக்கணும்னு மரம் முடிவு பண்ணதும் பச்சையத்த ஒடைச்சு அதுல இருக்குற சத்த கிளைக்கு இழுத்துக்கும், தூக்கி போடப்போற பொருள்ல எதுக்கு சத்த விடணும்னு. பச்சை போனதும் மஞ்சள் தெரியும். செவப்பு அப்படி இல்ல, அது புதுசா செய்யுறது. இலைல தேங்குற சக்கரைல இருந்து அந்தோசயனின்னு ஒண்ணு தயாராகும், அதான் செவப்பு. பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி குளிரும் (ஆனா உறையாத குளிர்) இருந்துச்சுன்னா செவப்பு தூக்கலா வரும், மேகமூட்டமா இருந்த வருஷம் டல்லடிக்கும். சாகப்போற இலைக்கு எதுக்கு செலவு பண்ணி சாயம் ஏத்துதுன்னு விஞ்ஞானிங்களே இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க, சத்த இழுக்குற வரைக்கும் வெயில்ல இருந்து பாதுகாப்புங்கிறது ஒரு பதில்.

மரத்துக்கு எப்படி தேதி தெரியும்னா பகல் நீளத்த வெச்சுதான். வர்ஜீனியா பக்கம் கோடை பகலுக்கும் குளிர்கால பகலுக்கும் 5 மணி நேரத்துக்கு மேல வித்தியாசம், நம்ம சென்னைல வெறும் ஒன்றரை மணி நேரம்தான். குளிரும் கெடையாது. அதனால நம்ம மரங்களுக்கு அக்டோபர்ல உதுக்க ஒரு காரணமும் இல்ல, அப்பதான மழையே வருது, கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்குற மாசத்துல எந்த மரம் தாகத்துக்கு பயப்படும். இங்க தண்ணி கம்மியாகுற தை, மாசி, பங்குனிலதான் உதிரும். வேம்பும் அப்பதான் உதுக்கும், ஆனா செவப்பு சாயம் செய்யாது, மஞ்சளாகி கொட்டிடும், எல்லா மரத்துக்கும் அந்த வேலை தெரியாது.

இன்னொண்ணு கவனி. நம்ம ஊர்ல செவப்பு பாக்கணும்னா பழுத்த இலைய விட துளிர பாக்கணும். மாங்கொழுந்து செம்பு கலர்ல தொங்கும்ல, அரசங்கொழுந்து ரோஸா மினுமினுக்கும்ல, அதுவும் அதே அந்தோசயனின்தான். அங்க கெழட்டு இலைக்கு போடுற சாயத்த இங்க கொழந்தைக்கு போடுது.

வீட்ல செஞ்சு பாரு: வேப்பிலைய நல்லா நசுக்கி ஒரு கிளாஸ்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊத்தி ஊற வெச்சு, அதுல காபி ஃபில்டர் பேப்பர் ஒரு துண்ட நிக்க வெச்சா கொஞ்ச நேரத்துல பச்சை தனியா மஞ்சள் தனியா ஏறும். அம்மாவ பக்கத்துல வெச்சுக்கிட்டு செய், அடுப்பு பக்கத்துல வேணாம்.

மேடம், அமெரிக்கா போற வசதியெல்லாம் நமக்கு இல்ல. கொளத்தூர்ல ஒரு சின்ன மொபைல் கடை. பசங்க யூடியூப்ல இந்த செவப்பு காட்ட பாத்துட்டு "நம்மளும் போலாம்பா"ன்னு நச்சரிக்கிறாங்க. ஒரு நாள்ல போய்ட்டு வர்ற மாதிரி பக்கத்துல எங்கயாவது இருக்கா?
- வாசகர், கொளத்தூர்

அந்த செவப்பு காடு பக்கத்துல இல்லீங்க, இருக்குன்னு சொல்லி உங்கள அலைய விட மாட்டேன். இணையத்துல ஏலகிரி ஃபால் கலர்ஸ்னு போடுற ஃபோட்டோவெல்லாம் பாதிக்கு மேல ஃபில்டர் வேல.

ஆனா நம்ம காட்டுக்கு வேற கணக்கு. ஜவ்வாது மலை, ஏலகிரி பக்கமெல்லாம் இலையுதிர் காடுதான், மாசி பங்குனில மஞ்சளாகி, காவியாகி மொட்டையாகும், மொட்டையானதும் பூக்கும். முள்ளிலவ மரம் ஒரு இலை இல்லாம செவப்பு பூவா நிக்கும், புரசு பூத்தா கிளையில தீ புடிச்ச கணக்கா இருக்கும். புரசைவாக்கம் கங்காதரேஸ்வரர் கோயில்ல தல விருட்சமே புரசுதான், பசங்களுக்கு மொதல்ல அங்க காட்டுங்க, பஸ் டிக்கெட் காசுதான்.

அந்த மாசத்துல காட்டுக்குள்ள நடக்க மட்டும் கூட்டிட்டு போகாதீங்க. காஞ்ச இலை மொழங்கால் அளவு கெடக்கும், ஒரு பொறி போதும். 2018 மார்ச்ல தேனி குரங்கணில ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீல மாட்டுனது ஞாபகம் இருக்கும், அவங்களும் சந்தோஷமா லீவு நாள்ல போனவங்கதான். பங்குனில பாக்கணும்னா ஜோலார்பேட்டைல எறங்கி ஏலகிரிக்கு பஸ்ல போங்க, 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு, சன்னல் சீட்டு புடிச்சு குடுத்தா பசங்களுக்கு அதுவே போதும்.

நடக்கணும்னா கார்த்திகைல இருந்து தை வரைக்கும், பூண்டி பக்கம் குடியம் குகை. திருவள்ளூர் வரைக்கும் ட்ரெயின், அங்க இருந்து வண்டி. முள்ளுக்காடுதான், கலர் இல்ல, மழ முடிஞ்சு பச்சையா இருக்கும், ஆனா குகைய பாத்து வாய பொளந்துடுவாங்க, கூழாங்கல்ல அப்பி அப்பி வெச்ச பாறை, ஆதி மனுசன் தங்குன எடம், அவன் ஒடைச்ச கல்லாயுதத்தயெல்லாம் பூண்டி மியூசியத்துல வெச்சிருக்காங்க, அதையும் சேத்து பாத்துட்டு வந்துடலாம். 2024 அக்டோபர்ல வனத்துறை ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 ரூட்டு தொறந்தாங்க, குடியமும் அதுல உண்டு. ஆன்லைன்ல புக் பண்ணி கைடோட போங்க, எவனோ வாட்ஸ்ஆப் குரூப்ல கூப்புடுறான்னு போகாதீங்க.

இந்தியாவுக்குள்ளயே அந்த மாதிரி பாக்கணும்னா? அப்பா அம்மா 60வது கல்யாணத்துக்கு கூட்டிட்டு போகலாம்னு.
- வாசகி, பெரம்பூர்

காஷ்மீர். அக்டோபர் கடைசில இருந்து நவம்பர் நடு வரைக்கும். சினார் மரம் செவக்கும், ஹருத்னு அந்த சீசனுக்கே அவங்க ஊர்ல பேரு இருக்கு. ஸ்ரீநகர்ல நிஷாத் பாக், காஷ்மீர் யுனிவர்சிட்டிக்குள்ள இருக்குற நசீம் பாக், நசீம் பாக் சமதரை, நிஷாத் பாக் மட்டும் அடுக்கடுக்கா மேல ஏறும், அறுபதுல இருக்குறவங்க ஆற அமர நடக்கலாம். கும்பல் கும்பலா குல்மார்க் ஓடாம நசீம் பாக்ல ஒரு முழு காலைய விடுங்க, எலைய மிதிச்சா நொறுங்குற சத்தம் இருக்கே, அதுக்கே குடுக்கலாம். டூர் ஏஜென்ட் அந்த பேர லிஸ்ட்ல போட மாட்டான், நீங்கதான் கேக்கணும். பயணத்துக்கு முன்னாடி அன்னைக்கு நிலவரம் என்னன்னு பாத்துட்டு புக் பண்ணுங்க.

அக்கா, அப்பாவ தங்கச்சி வீட்டுக்கு நியூஜெர்சி அனுப்புறோம். மலைக்கும் செருப்புதான் போட்டுக்கிட்டு வருவேன், "ஆர்பர்ல லோடு எறக்குனதே செருப்போடதான்"ங்கிறாரு. அப்புறம் கருவாட்டு தொக்கு இல்லாம சாப்ட மாட்டாரு. எப்படி சமாளிக்கிறது?
- வாசகர், மணலி

தம்பி, அப்பா சொல்றதுல தப்பு இல்ல, ஆர்பர்ல தரை கண்ணுக்கு தெரியும். அங்க தெரியாது. கணுக்கால் வரைக்கும் இலை கெடக்கும், அதுக்கு கீழ வேரு, கல்லு, ஓக் மரத்து கொட்டை, அந்த கொட்டை கோலிகுண்டு சைஸ்ல உருண்டையா இருக்கும், மேல கால வெச்சா ஆள தூக்கி போட்டுடும், மழ பேஞ்ச மறுநாள் இலையே வழுக்கும். இத அப்படியே அவர்ட்ட சொல்லுங்க, வேலை பாத்த மனுஷன், அடி எடுத்து வெக்குற எடம் தெரியலன்னா என்னன்னு அவருக்கு புரியும். "குளிரும்பா"ன்னு சொன்னா கேக்க மாட்டாரு. அடில நல்லா பல்லு இருக்குற ஷூவா, ஒரு சைஸ் பெருசா, இங்கயே வாங்கி குடுத்து தெருவுலயே போட்டு பழக்குங்க, புது ஷூவோட மலை ஏறுனா கொப்புளம் வந்து செருப்பு கட்சி ஜெயிச்சிடும்.

தொக்கு வீட்ல சாப்டட்டும், காட்டுக்கு வேணாம். நியூஜெர்சி காட்டுல கருங்கரடி இருக்கு, இலையுதிர் காலத்துலதான் குளிர் தூக்கத்துக்கு முன்னாடி கெடைக்கிறதெல்லாம் திங்கும், நம்ம காசிமேட்டு வாசனைய எவ்ளோ தூரத்துல இருந்து புடிக்கும்னு டெஸ்ட் பண்ணி பாக்க வேணாம். புளிசாதம், உருளைக்கெழங்கு வறுவல், முறுக்கு எடுத்துக்கிட்டு போங்க, மிச்சம் மீதிய அங்கயே வீசாம கவர்ல கட்டி கார்ல கொண்டு வந்துடணும். தயிர்சாதம் குளிர்ல தொண்டைல எறங்காது, சொன்னா நம்ப மாட்டாங்க.

எழுதவே கூச்சமா இருக்கு, ஆனா யாரையும் கேக்க முடியல. அந்த மலைல லேடீஸுக்கு பாத்ரூம் வசதி இருக்குமா? எனக்கு சக்கர இருக்கு, அடிக்கடி போகணும்.
- வாசகி, ராயபுரம்

இதுல என்னம்மா கூச்சம், பாதி பேரு இதுக்கு பயந்துதான் எங்கயும் போறதே இல்ல, தண்ணி குடிக்காம மலை ஏறி மயக்கம் போடுறவங்களும் உண்டு, அத மட்டும் பண்ணாதீங்க. நேஷனல் பார்க்னா விசிட்டர் சென்டர்ல சுத்தமான பாத்ரூம் இருக்கும், ட்ரெயில் உள்ள இருக்காது. சில பார்க்கிங்ல மட்டும் குழி டாய்லெட் இருக்கும், ஃப்ளஷ் கெடையாது. அதனால சென்டர்ல போய்ட்டு, அங்க இருந்து கிட்டக்க இருக்குற ரெண்டு மைலுக்கு உள்பட்ட ட்ரெயிலா எடுக்க சொல்லுங்க, ஒரு மணி நேரத்துல திரும்பிடலாம். அங்க எங்கயும் கழுவ தண்ணி இருக்காது, ஒரு லிட்டர் பாட்டில் தனியா அதுக்குன்னே வெச்சுக்கங்க, டிஷ்யூ, சானிடைசர், ஒரு ஜிப் கவர். சக்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுறீங்கன்னா நடக்கும்போது டக்குனு எறங்கும், பாக்கெட்ல குளுக்கோஸோ சக்கர மிட்டாயோ கண்டிப்பா இருக்கட்டும், பைக்குள்ள இல்ல, பாக்கெட்ல. இன்சுலின் பேனாவ குளிருதுன்னு கார்லயே விட்டுட்டு போகாதீங்க, ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் வெச்சுக்கங்க, உறைஞ்சா அது வேஸ்ட்டு.